தொடங்க உகந்த நேரம்

செப்டம்பர் 15, திங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த டைரி என்னுடையது அல்ல. ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் பார்க்கிற பெண், நோயாளிகள் மனதில் பட்டதை எழுதிவந்தால் நல்லது என்று கயலிடம் இதைக் கொடுத்தாள். கயல் வீட்டுக்கு வந்ததும் என் பக்கம் தள்ளிவிட்டாள். "எனக்கு மனசுல ஒன்னும் படலீங்க. நீங்க எழுதுங்க." ஆக, மனைவியின் புற்றுநோய்க்குப் புருஷன் டைரி எழுதுகிறேன்.

இன்று அவளுக்குக் கடைசி கீமோ. மார்பில் இருந்த கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது, இனி அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆறு வாரத்துக்குள் செய்தாக வேண்டும், அதற்கு மேல் தள்ளக் கூடாது என்றும் சொன்னார். தேதி பிறகு சொல்வார்களாம்.

என்னைப் பற்றி: பெயர் செம்பியன். பெருந்துறைப் பக்கம் துணிக்குச் சாயம் ஏற்றும் மில்லில் பாய்லர் ஷிப்ட் இன்சார்ஜ். கடவுள் இல்லை, ஜாதகம் இல்லை, நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை. எங்கள் கல்யாணத்தையே வேண்டுமென்று ராகு காலத்தில் வைத்துக்கொண்டோம். மாமியார் அந்த ஒன்றரை மணி நேரமும் மண்டபத்துக்கு வெளியே நின்றுவிட்டு நேராகப் பந்திக்கு வந்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

மில்லுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. கூடவே அதைப் பொருத்த ஹெப்சிபா என்ற பெண்ணும் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். சொந்த ஊர் நாகர்கோவில். பாய்லரைப் பார்த்துப் பயப்படவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

எங்களிடம் இரண்டு பாய்லர். முதலாவது விறகில் எரிவது, நாள் முழுக்க ஓடும். இரண்டாவது எண்ணெயில் எரிவது. பட்டனைத் தட்டினால் பர்னர் பற்றிக்கொள்ளும். சாயப் பிரிவிலிருந்து "இன்னும் நீராவி வேணும்" என்று போன் வந்தால்தான் அதைத் தொடங்குவோம். எப்போது தொடங்குவது என்பது ஷிப்ட் இன்சார்ஜ் கையில். பகல் ஷிப்டுகளை நானும் மயில்சாமியும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம்.

இனிமேல் அந்த முடிவை சாஃப்ட்வேர் எடுக்குமாம். போன வருடமே எல்லாக் குழாயிலும் சென்சார் மாட்டிவிட்டார்கள். கடைசி ஆறு மாத டேட்டாவை அதற்குப் படிக்கக் கொடுத்திருக்கிறாள் ஹெப்சிபா. நாங்கள் எப்படி ஓட்டினோம் என்று பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும்.

மயில்சாமிக்கு இதில் நம்பிக்கை இல்லை. தினமும் பேனல் மேல் திருநீறு பூசிவிட்டு வேலையைத் தொடங்குகிற ஆள் அவன். "ஏனுங்ண்ணா, மிஷினுக்கு மனுசன் மனசு தெரியுமுங்களா?" என்றான். டேட்டா பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்றேன். ஹெப்சிபா சிரித்துக்கொண்டே அதைத் தன் போனில் குறித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

கயலுக்கு வெள்ளை அணு குறைவு. மாதுளை வாங்கினேன். ஒன்று அழுகல்.

செப்டம்பர் 24, புதன்

சாயப் பிரிவிலிருந்து பன்னிரண்டு மணி தாண்டி போன். இரண்டாவது பாய்லரின் வால்வில் கசிவு மாதிரித் தெரிந்தது. நிதானமாகப் பார்த்தேன். கசிவு இல்லை. அதற்குள் ஒன்றரை ஆகிவிட்டது. தொடங்கினேன். சாய மாஸ்டர் நேரில் வந்து கத்தினார். "ஊதா கேட்டா கத்திரிக்கா கலர்ல வருதுங்க!" பாதுகாப்புதான் முக்கியம் என்றேன். ஊதாவும் கத்திரிக்காயும் ஒன்றுதானே என்று வீட்டுக்கு வந்து கயலிடம் கேட்டேன். இல்லையாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சென்சார்களுக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். ஹெப்சிபா ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பொரி எனக்கும் கொடுத்தார்கள். பொரி அரிசியில் செய்வது, சாப்பிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று மீட்டிங். முதலாளி, நான், மயில்சாமி, சாய மாஸ்டர். ஹெப்சிபா சுவரில் படம் காட்டினாள். வாரத்தின் ஏழு நாளும் வரிசையாக. ஒவ்வொரு நாளிலும் ஒரு சிவப்புக் கட்டம்.

"சார், இரண்டாவது பாய்லரை எப்போ தொடங்கலாம்னு சாஃப்ட்வேர்ல இருக்கற மாடல் கத்துக்கிச்சு. ஆனா தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு 'தொடங்க உகந்ததல்ல'ன்னு சொல்லுது. ஒவ்வொரு நாளும் வேற வேற நேரம். நானும் காத்து, வெயில், எண்ணெய் சூடு எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். காரணம் பிடிபடல." பிறகு வாசித்தாள். "திங்கள் ஏழரை டு ஒன்பது. செவ்வாய் மூணு டு நாலரை. புதன் பன்னிரண்டு டு ஒன்றரை..."

வியாழனை வாசிப்பதற்குள் அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. சாய மாஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதலாளி எழுந்து நின்றார். லேப்டாப்பைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்ன சார்?" என்றாள் ஹெப்சிபா பயந்துபோய்.

"ராகு காலமுங்கம்மா" என்றான் மயில்சாமி.

"நாங்க சர்ச்சு சார். எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"அதான் விசயமே!" என்றார் முதலாளி. "உனக்கும் தெரியாது, உன்ற மிஷினுக்கும் தெரியாது. ஆனாலும் கண்டுபுடிச்சிருச்சு பாத்தியா! வெளிநாட்டு சாஃப்ட்வேருக்கே தெரியுது, நம்மூர்ல சில பேருக்குத்தான் ஏற மாட்டேங்குது." சில பேர் என்னும்போது என்னைப் பார்த்தார். அந்த நேரங்களில் இரண்டாவது பாய்லர் பட்டனே வேலை செய்யாதபடி சாஃப்ட்வேரில் பூட்டு போடச் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மொதலாளி, மிஷின் ராகு காலத்தைக் கண்டுபுடிக்கல. நாம பண்ணுனதைப் பாத்து அது படிச்சிருக்குது. அந்நேரத்துல இங்க எவனோ தொடங்காம தள்ளிப்போடறான். யாருன்னு ஷிப்ட் வாரியாப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. இந்த மூடநம்பிக்கை யார்கிட்ட இருக்குதுன்னு டேட்டாவே சொல்லட்டும்." சொல்லிவிட்டு மயில்சாமியைப் பார்த்தேன். அவன் கம்மென்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வியாழனன்று பிரித்துக் காட்டுவதாக ஹெப்சிபா சொன்னாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கயலுக்கு அறுவைத் தேதி கிடைத்துவிட்டது. 27ஆம் தேதி, திங்கள். முதல் கேஸ், காலை எட்டு மணி. டாக்டர் சொன்ன ஆறு வாரம் அன்றோடு முடிகிறது.

எட்டு மணிக்குப் போக்குவரத்து நெரிசலாக இருக்கும், ஒன்பதே காலுக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று நர்ஸிடம் கேட்டேன். "நோயாளிய முந்தின நாளே சேர்த்துருவோம் சார். அவங்க மாடியிலிருந்துதான் வரணும்" என்றாள். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்டில் கூட்டமாக இருக்கும் என்று சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஷிப்ட் வாரியாகப் பிரித்ததில் சில தொழில்நுட்பக் குழப்பங்கள்.

நடந்ததை எழுதுகிறேன். மயில்சாமி ஷிப்டில் தாமதம் எதுவும் இல்லை. கேட்ட நேரத்தில் நீராவி போயிருக்கிறது, ராகு காலத்திலும். என் ஷிப்டில் சிவப்பு. மீன்கடைப் பலகை மாதிரி முழுக்கச் சிவப்பு.

"எப்படி சார் இது?" என்று மயில்சாமியைக் கேட்டாள் ஹெப்சிபா. "ராகு காலத்துல நீங்களும் பாய்லரைத் தொடங்கினதாப் பதிவு இல்ல. ஆனா நீராவி மட்டும் போயிருக்கு."

மயில்சாமி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். "அது ஒன்னுமில்லீங்கம்மா. ராகு காலம் பொறக்கறதுக்கு முன்னாடியே ஒருக்காப் பத்த வெச்சு ஒடனே அணைச்சுருவேன். அப்பவே தொடங்குனதாத்தானுங்க கணக்கு, பதிவுலயும் அந்நேரத்தத்தான் போடுவேன். பொறவு ராகு காலத்துல எரியறதெல்லாம் அதோட தொடர்ச்சிதானுங்களே. சாமிக்கும் குத்தமில்ல, மில்லுக்கும் நட்டமில்ல."

"அட! படத்துல முள்ளு மாதிரி நிக்கற இந்தக் குட்டிக் குட்டி ஸ்பைக் எல்லாம் அதுதானா? நான் சென்சார் கோளாறுன்னு நினைச்சேன்" என்றாள்.

பிறகு என்னிடம் திரும்பினாள். "சார், உங்க பழைய டேட்டாவையும் எடுத்துப் பார்த்தேன். முன்னாடி நீங்க திங்கட்கிழமை எட்டு மணின்னா கரெக்டா எட்டு மணிக்கே தொடங்கியிருக்கீங்க. வேணும்னே பண்ற மாதிரி. மார்ச் பன்னிரண்டுக்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்ல. அன்னைக்கு பாய்லர்ல ஏதாவது மாத்தினீங்களா?"

ஒன்றும் மாற்றவில்லை என்றேன். பாய்லரைப் பொறுத்தவரை அது உண்மை.

முதலாளி வந்து என் தோளில் தட்டினார். "செம்பியன், திருந்துனதுக்குக் கூச்சப்படக் கூடாது" என்றார். என் வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். காலை பத்து மணிக்கு மேல் வேறு நாள் உண்டா என்று கேட்டேன். நவம்பர் 17, பதினோரு மணிக்கு இருக்கிறது என்றார்கள். அதைப் பிடித்து வைக்கச் சொன்னேன். சும்மா, கையில் ஒன்று இருக்கட்டும் என்று.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்றினேன்.

அக்டோபர் 11, சனி

மயில்சாமி இளநீரோடு கயலைப் பார்க்க வந்தான். உடம்பு விசாரிக்கத்தான் வந்தான், நல்லவன். ஆனால் வாய். சாஃப்ட்வேர் கதை முழுவதையும் சொல்லிவிட்டான். லேப்டாப்பை முதலாளி கும்பிட்டது வரைக்கும் கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணன் ஷிப்டு முச்சூடும் சிவப்புங்கக்கா, மார்ச் பன்னெண்டுல இருந்து" என்று அவன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் போன பிறகு கேட்டாள். "மார்ச் பன்னெண்டு புதன்கெழமை. கட்டி கேன்சர்னு ரிப்போர்ட் வந்த நாளு. எத்தன மணிக்குங்க கையில வாங்குனோம்?"

ஞாபகமில்லை என்றேன்.

"எனக்கு ஞாபகமிருக்குது. பன்னெண்டே முக்கால். வெளிய எலுமிச்ச சாதம் வாங்கிட்டு, ரெண்டு பேரும் திங்காம வந்தோம்." பிறகு சொன்னாள், "கட்டி அதுக்கு முன்னாடியே இருந்துச்சுங்க. பேப்பர்தான் அந்நேரத்துக்கு வந்துச்சு."

தெரியும் என்றேன். தெரியும்தான்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். கயல்தான் எடுத்தாள். நவம்பர் 17 உறுதியா, அப்படியானால் 27ஆம் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அட கெரகமே.

கயல் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "டாக்டர் ஆறு வாரம்னு சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? ஒன்பது வாரத்துக்குத் தள்ளியிருக்கறீங்க. என்ற ஒடம்ப உங்க ரெண்டாவது பாய்லர்னு நெனச்சீங்களா, தோணும்போது பத்த வெக்கறதுக்கு?"

பிறகு போனில், "இருபத்தேழாந் தேதி, எட்டு மணி. மாத்தாதீங்கம்மா. இவரு சொன்னா கேக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டில் நான் எந்த சாமானை எங்கே வைப்பேன் என்றுகூடத் தெரியவில்லை என்று சொன்னேன். அழுததாக அவள் சொல்கிறாள். இளநீர் வெட்டும்போது தெறித்திருக்கலாம்.

அக்டோபர் 13, திங்கள்

என் ஷிப்டின் ஒவ்வொரு தாமதத்துக்கும் சாஃப்ட்வேர் காரணம் கேட்கிறது. வால்வு, எண்ணெய், தண்ணீர், மற்றவை. இதுவரை எல்லாவற்றுக்கும் 'வால்வு' என்று போட்டிருந்தேன். அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கப்போவதாக ஸ்டோரில் பேச்சு. பாவம், நல்ல வால்வு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'மற்றவை: ஆபரேட்டருக்குப் பயம்' என்று மாற்றினேன்.

ஹெப்சிபா அதைப் பார்த்தாள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நேந்திரங்காய் சிப்ஸை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

என் ஷிப்டை எடுத்துவிட்டு மாடலை மறுபடி படிக்க வைக்கச் சொன்னேன். "உங்களது போனா மயில்சாமி சார் ஷிப்ட் மட்டும்தான் சார் மிஞ்சும்" என்றாள். பரவாயில்லை, அவன் ஷிப்டில்தான் நீராவி நேரத்துக்குப் போகிறது என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாங்கள் கொண்டாடுவதில்லை. மில்லில் கொடுத்த மைசூர்பாகைச் சாப்பிடுவதில் கொள்கை முரண் எதுவும் இல்லை. கயல் இரண்டு துண்டு சாப்பிட்டாள். நாக்கில் ருசி திரும்பியிருக்கிறதாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மூன்றாவதையும் கொடுத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

மாடல் மறுபடி படித்து முடித்துவிட்டது. ஹெப்சிபா மீட்டிங்கில் வாசித்தாள்.

"திங்கட்கிழமைக்கான பரிந்துரை. காலை ஏழு இருபதுக்கு பர்னரை ஒரு நொடி இயக்கி நிறுத்தவும். பின்னர் தேவைப்படும் நேரத்தில் தொடரவும்."

ஏழு நாளுக்கும் இப்படியே. ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு நொடி.

"ஏம்மா, இது எதுக்கு ஒரு நொடி?" என்றார் முதலாளி.

"அப்படி ஒரு நொடி பண்ணின நாள்ல எல்லாம் நீராவி தாமதமே ஆனதில்ல சார். அதனால அதுதான் காரணம்னு மாடல் நினைக்குது."

முதலாளி யோசித்தார். ராகு காலமும் தப்பியது, சாயமும் தப்பியது. பூட்டை எடுத்துவிடச் சொன்னார். மயில்சாமி, தன் பெயரை எங்கேயாவது போடுவார்களா என்று மெதுவாகக் கேட்டான். போட மாட்டார்கள்.

இது அறிவியல் அல்ல, வெறும் தற்செயல், ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தால் ஒன்றால் ஒன்று வந்ததாக ஆகாது என்று நான் எழுந்து விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. இரண்டாம் மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். எனக்கு ஒரு பெஞ்ச். கயல் கால் நகம் வெட்டிவிடச் சொன்னாள். வெட்டினேன். தலையில் முடி பூனைக்குட்டிக்கு மாதிரி முளைத்திருக்கிறது. தடவிப் பார்த்தேன். "போதுமுங்க, தேயப்போகுது" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஏழே முக்காலுக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மணி ஏழு இருபது. கயலை அதில் ஏறிப் படுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இப்பவே எதுக்குங்க?"

"கடைசி நேரத்துல அவசரமா ஏற வேண்டாமேன்னு."

ஏறிப் படுத்தாள். ஸ்ட்ரெச்சரைக் கதவுப் பக்கமாக இரண்டடி தள்ளினேன். நிறுத்தினேன்.

"என்னங்க பண்றீங்க?"

"சக்கரம் சரியா ஓடுதான்னு பாத்தேன்."

கயல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மீதியைத் தொடர்ச்சியாக அவர்களே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதையும் எண்ணவில்லை. மயில்சாமி, நைட் ஷிப்ட் ஆளை மில்லில் நிறுத்திவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தான். மில்லில் எட்டு மணிக்குச் சாயப் பிரிவு கேட்டது, எட்டே காலுக்கெல்லாம் நீராவி போய்விட்டது என்று ஹெப்சிபா செய்தி அனுப்பினாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். முழுதாக எடுத்தாகிவிட்டது, ஓரங்களில் எதுவும் மிஞ்சவில்லை என்றார். கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றிருக்கிறேன். அவரே மெதுவாக உருவிக்கொண்டார்.

நவம்பர் 1, சனி

இது என்னுடைய டைரி என்பதால் ஒரு நாளாவது நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். வலது கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை, எழுத்து கோணலாக இருக்கும். அவர் பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அழுதது இளநீர் இல்லை.

இன்னொரு திருத்தம். 27ஆம் தேதி காலையில் இவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, ஏழே கால் இருக்கும், நான் கட்டிலிலிருந்து இறங்கி ஸ்ட்ரெச்சரில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இவர் வருவதற்குள் இறங்கிவிட்டேன்.

உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

கயற்கண்ணி